டீக்கன்மார்: நிர்வாகக் குழுவா, குடும்பப் பொறுப்பா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உள்ள சிறிய பாப்டிஸ்ட் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) சபைகளில் டீக்கன்மாரின், அதாவது போதகருக்குத் துணையாகச் சபையார் தெரிந்தெடுக்கும் ஊழியர்களின், பணி பெரும்பாலும் இரண்டு விதமாக அமைகிறது. ஒன்று, மாதந்தோறும் கூடி வரவுசெலவு, கட்டடப் பழுது, போதகரின் சம்பளம் ஆகியவற்றை ஆராய்ந்து சபைக் கூட்டத்துக்குப் பரிந்துரைக்கும் குழு முறை. 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இம்முறையில் கணக்கு ஒழுங்காக இருக்கும் என்பது உண்மையே. ஆனால், இறுதி முடிவு சபையார் அனைவருக்கும் உரிய பாப்டிஸ்ட் ஒழுங்கில், ஐந்தாறு பேர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வருவது மெல்ல வழக்கமாகிவிடக்கூடும்.

மற்றொன்று, சபைக் குடும்பங்களைப் பிரித்து ஒவ்வொரு டீக்கனிடமும் சிலவற்றை ஒப்படைக்கும் முறை. கணவனை அடக்கம்செய்து மூன்று வாரமே ஆன ஒரு மூதாட்டியின் சமையலறையில் அமர்ந்து, அவர் பிரிக்க மனமில்லாமல் மேசையில் வைத்திருக்கும் மின்கட்டண உறையை அவரோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பது, இம்முறையில் இன்னாருடைய பொறுப்பு என்று முன்னரே எழுதப்பட்டிருக்கும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், டீக்கன்மாருக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டதே, அன்றாட விசாரணையில் (தினசரி உதவிப் பங்கீட்டில்) விதவைகள் கவனிக்கப்படாமல்போனதால்தான்.

ஆகவே, ஐம்பது பேர் கூடும் சபைக்கு இரண்டாவது முறையே பொருந்தும் என்பேன். காணிக்கையைப் பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து எண்ணி, எழுதி, சபைக் கூட்டத்தில் வாசித்தால் போதும். அதற்கென்று டீக்கன்மாரின் மாலைநேரங்களைச் செலவிட வேண்டியதில்லை.