ஸ்காபரோ வீடும் வின்ரரும்: எது நிண்டு பிடிச்சது, எது சும்மா காசு

எங்கட வீடு 70களில கட்டின செங்கல் வீடு. மேல நாங்கள், பேஸ்மென்ற்றில வாடகைக்கு ஒரு குடும்பம், ரெண்டு தட்டுக்கும் சேத்து ஒரே ஒரு காஸ் பேர்னஸ் (வீடு முழுக்கச் சூடான காத்து அனுப்பிற மெசின்). ரொறன்ரோப் பக்கம் எங்கட ஆக்கள் கனபேரிட்ட இப்பிடி வீடுதான் இருக்கு எண்டதால எழுதிறன். ஏழெட்டு வின்ரருக்கு மேலா பாவிச்சுப் பாத்ததுகளைத்தான் சொல்லுறன், விலையள் வருசத்துக்கு வருசம் மாறுறபடியா அதுக்குள்ள போகேல்ல.

வீடு குளிருது எண்டு வாய் திறந்தாலே சனம் சொல்லுறது ஜன்னலை மாத்து எண்டு. நாங்கள் மாத்தேல்ல. 2021இல பெடரல் அரசாங்கம் கிரீனர் ஹோம்ஸ் எண்டு வீட்டைச் சூடு போகாமல் திருத்த 5,000 டொலர் வரைக்கும் குடுக்கத் தொடங்கினது தெரியும்தானே (2024 தொடக்கத்தில புது ஆக்களை எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம்), அதுக்கு முதல் எனர்ஜி ஓடிற் (வீட்டில சூடு எங்கால போகுதெண்டு ஆள் வந்து பாக்கிறது) கட்டாயம். வந்தவர் முன்கதவில பெரிய பான் (காத்தாடி) ஒண்டைப் பூட்டி வீட்டுக் காத்தை வெளிய இழுத்தார், அந்த நேரம் வீடு முழுக்க நடந்து கையை வச்சுப் பாத்தா எந்த ஓட்டையால குளிர் வருதெண்டு அப்பிடியே தெரியுது. ஜன்னலால வந்தது கொஞ்சம்தான். அற்றிக் (கூரைக்குக் கீழ இருக்கிற வெளி) மூடி, வெளிச்சுவரில இருக்கிற பிளக் பொயின்ற், பாத்ரூம் பான், எல்லாத்தையும் விட மோசம் பேஸ்மென்ற் சுவருக்கு மேல மரச்சட்டம் குந்திற இடம்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு வடிவாப் பிடிபட்டுது. சூடான காத்து மேல ஏறி அற்றிக் ஓட்டையளால போயிடும், போன காத்துக்குப் பதிலா கீழ பேஸ்மென்ற் வெடிப்புகளால வெளிக்காத்து இழுபட்டு வரும். அப்ப கீழ இருக்கிற பெடியன் "அண்ணை, இஞ்ச ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்லேக்க நான் பாக்கவேண்டிய இடம் கூரைக்குக் கீழ!

அதால முதல் காசு அற்றிக்குக்குப் போனது. இன்சுலேஷன் கொட்ட முதல் வயர் போற ஓட்டை, பைப் போற ஓட்டை, பான் சுத்தி இருக்கிற இடைவெளி எல்லாத்தையும் போம் (நுரை) அடிச்சு மூடவேணும், கனபேர் இதைச் செய்யாமல் மேலால கொட்டிப்போட்டுப் போயிடுவினம், பேந்து போய்ப் பாக்கிறது ஆர்? இப்ப ஒன்ராறியோவில புதுசாக் கட்டிற வீடுகளுக்கு அற்றிக்கில ஆர் 60 (ஆர் எண்டது சூட்டைத் தடுக்கிற அளவு) கேக்கினம், செலுலோஸ் (கடதாசித் தூள் இன்சுலேஷன்) எண்டா கிட்டத்தட்ட 16, 17 இஞ்சி உயரம். எங்கட வீட்டில இருந்தது சாண் உயரமும் இல்லை. கூரை ஓரத்தில காத்து வாற வழியை மட்டும் அடைக்கவிடாதேங்கோ, அடைச்சா அற்றிக்குக்குள்ள ஈரம் பிடிச்சுப் பூஞ்சணம் வரும். இத்தனை வருசம் கழிச்சுப் பாக்கேக்க, இந்த வீட்டில செய்த எல்லாத்திலயும் காசுக்குப் பெறுமதியான வேலை இதுதான். மேல படுக்கை அறையள் விடிய எழும்பேக்க குளிருறேல்ல, பீலியில ஈட்டி ஈட்டியாத் தொங்கின ஐஸும் வலுவாக் குறைஞ்சிட்டுது, ஏனெண்டா கூரை கீழால சூடாகி சினோ (பனி) உருகினாத்தானே பீலியில வந்து திருப்பி உறையும். பேஸ்மென்ற் மரச்சட்டத்துக்கு நானே போம் போட் வெட்டி வச்சு ஓரத்துக்கு ஸ்பிரே அடிச்சன், கை நாறினது, ஆனா பெடியன்ர முறைப்பாடு பாதியாக் குறைஞ்சுது. மிச்சப் பாதி சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ராற் மேல்வீட்டில இருக்கிறதால வாறது, அதுக்கு மருந்து இல்லை. வாடகைக்கு விட்டா வின்ரரில 21 டிகிரிக்குக் குறையக்கூடாது எண்டது ரொறன்ரோ சிற்றிச் சட்டம், ஆகவே மேல நாங்கள் கொஞ்சம் வேர்த்துக்கொண்டு இருக்கிறம்.

ஜன்னலுக்கு ஹெயார் ட்ரையரால சூடு காட்டி இழுக்கிற பிளாஸ்ரிக் ஷீற் பரவாயில்லை. ஜன்னல் திறக்காத அறைக்கு ஓகே, ஹோலுக்குச் சரிவராது, சின்னப் பிள்ளையள் விரலால குத்துங்கள், வசந்தத்தில கழட்டேக்க ரேப்போட சேந்து பெயின்ரும் வரும். எங்கால காத்து வருது எண்டு கண்டுபிடிக்கக் கருவி ஒண்டும் வாங்கத் தேவையில்லை, காத்து அடிக்கிற நாளாப் பாத்து சாமியறையில இருக்கிற ஊதுபத்தியை எரிச்சு ஜன்னல் கரையால கொண்டு போங்கோ, புகை ஆடிற இடத்தில கோக்கிங் (வெடிப்பு அடைக்கிற பசை) அடியுங்கோ.

ஈரப்பதன் விசயம் எங்கட வீடுகளில தனிக் கதை. வெளியில மைனஸ் 20 ஆகேக்க வீட்டுக்குள்ள 30 வீதத்துக்கு மேல ஈரப்பதன் இருந்தாலே ஜன்னல் கண்ணாடியில தண்ணி ஓடத் தொடங்கும். வெள்ளைக்காரர் வீடு காஞ்சுபோகுது எண்டு பேர்னஸில ஹியூமிடிபையர் (காத்துக்கு ஈரம் குடுக்கிற சாமான்) பூட்டுவினம். எங்களுக்கு இடியப்பம் அவிக்கிறது, புட்டு அவிக்கிறது, சோத்துப் பானை கொதிக்கிறது, இது காணாதெண்டு உடுப்பு வேற உள்ளுக்கக் காயப்போடுறது. போனமுறை வாங்கின சின்ன ஈரப்பதன் மீற்றரைக் குசினியில வச்சுப் பாத்தன், புட்டு அவிஞ்சு முடியேக்க அது ஏறுற ஏத்தம் விசர் பிடிக்கும். ஆகவே பூட்டி வச்ச ஹியூமிடிபையரை இப்ப கிட்டத்தட்டப் பாவிக்கிறேல்ல, அதுக்குள்ள இருக்கிற தண்ணி ஊறுற தட்டையில வருசா வருசம் சுண்ணாம்பு படிஞ்சு மாத்தவேண்டிக் கிடந்ததுதான் மிச்சம். குசினி பான் புகையை வெளிய தள்ளுற வகையா எண்டு பாருங்கோ, சில வீடுகளில அது காத்தைச் சுத்தித் திருப்பி உள்ளுக்கத்தான் விடும், கருவாடு பொரிக்கேக்க தெரியவரும்.

பேர்னஸ் பில்ரரில எண் கூடக்கூட நல்லதெண்டு நினைச்சு மேர்வ் 13 (மேர்வ் எண்டது தூசி பிடிக்கிற அளவு) போடுறவை இருக்கினம். ஒரு இஞ்சித் தடிப்பில அது பழைய பேர்னஸுக்கு மூச்சடைக்கும். எனக்கு மேர்வ் 8 காணும், ஆனா அதைக் காலத்துக்குக் காலம் மாத்தவேணும். புது வகை பேர்னஸ் எண்டா வெளிச்சுவரில காத்து இழுக்கவும் புகை விடவும் ரெண்டு வெள்ளைப் பைப் நீட்டிக்கொண்டு நிக்கும், சினோ கொட்டின உடன டிரைவ்வேக்கு முதல் அதைத் தோண்டி விடுங்கோ. அடைபட்டா பேர்னஸ் நிண்டுபோகும், நிக்காட்டி அதைவிட ஆபத்து, மணமில்லாத நச்சு வாயு, காபன் மொனொக்சைட். அந்த அலாரம் படுக்கை அறையளுக்குக் கிட்ட இருக்கவேணும் எண்டது ஒன்ராறியோவில 2014 ஒக்ரோபரில இருந்து சட்டம். பேஸ்மென்ற் ஆக்களுக்கும் தனியாப் பூட்டிக் குடுங்கோ. வீட்டு வாசலில வந்து பேர்னஸ் மாத்து, வோட்டர் ஹீற்றர் மாத்து எண்டு கையெழுத்துக் கேக்கிறவையை உள்ள விடாதேங்கோ, அந்த வியாபாரத்தை 2018 மார்ச்சோட மாகாண அரசு தடை செய்திட்டுது, ஆனாலும் வயசுபோன ஆக்கள் தனிய இருக்கிற நேரம் பாத்து வருவினம்.

வின்ரருக்கு முதல், தண்ணி உறைஞ்சு வெடிக்காமல் வெளிப்பைப்பை உள்ளுக்குள்ள இருக்கிற வால்வில பூட்டி, பிறகு வெளித்திருகைத் திறந்து விடுங்கோ, ஹோஸைக் கழட்டுங்கோ. பத்து நிமிச வேலை.

சினோ தள்ள பற்றரி மெசின் வாங்கினனாங்கள். சாதாரண நாளுக்குச் சோக்கு, சத்தமில்லை, மனிசியும் தள்ளுவா. பற்றரியைக் கராஜில விடாமல் வீட்டுக்குள்ள வையுங்கோ, குளிருக்க நிண்டா சார்ஜ் நிக்காது. ஆனா சிற்றி பிளோ (ரோட்டுச் சினோ தள்ளுற வண்டி) வாசலில ஒதுக்கிவிட்டுப் போற ஈரச் சினோ மேட்டை இது வெட்டாது. 2025 பெப்ரவரியில ஒரு கிழமை சொச்சத்துக்குள்ள மூண்டு புயல், 50 சென்ரிமீற்றருக்கு மேல, அப்ப முன்வீட்டுக்காரரின்ர பெற்றோல் மெசின்தான் காப்பாத்தினது. பழைய ஆக்கள் இதுக்கெல்லாம் சிரிப்பினம், 1999இல சினோ அள்ள ரொறன்ரோ மேயர் ஆமியைக் கூப்பிட்டவர், ஆமி ரோட்டில இறங்கினா கதவைப் பூட்டிற சனம் நாங்கள், இங்க அவை சவலோட வந்து நிக்கினம்.

சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழ போனா பெரிசா உருக்காது, அதுக்குக் கல்சியம் குளோரைட் வாங்கவேணும், விலை கூட. புதுசாக் கொங்கிறீற் போட்ட படிக்கு முதல் வின்ரர் ரெண்டும் வேண்டாம், மண்ணைத் தூவுங்கோ.

கரண்ட் போனா காஸ் பேர்னஸும் ஓடாது, பானுக்குக் கரண்ட் வேணும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில நத்தார் நேரம் ரொறன்ரோவில எத்தனை வீடு நாள்கணக்கா இருட்டில கிடந்தது. கராஜுக்குள்ள ஜெனரேற்றரோ கரி அடுப்போ மூட்டாதேங்கோ, தயவுசெய்து.

இன்னும் சரிவராதது கராஜுக்கும் வீட்டுக்கும் இடையில இருக்கிற கதவு. போடுற ரப்பர் எல்லாம் குளிருக்கு விறைச்சு ரெண்டாம் வருசமே வெடிக்குது. சிலிக்கோன் ரப்பர் விறைக்காது எண்டு கடைக்காரர் சொன்னவர், ஒக்ரோபருக்கு முதல் அதைப் போட்டுப் பாக்கவேணும்.