ஹீற்றர் போட்டால் எஞ்சின் எழும்பும்: ஹைபிரிட் காரோடு மூன்றாவது குளிர்காலம்

மச்சான் போன கிழமை வாட்ஸப்பில் கேட்டான்: "அத்தான், உங்கட ஹைபிரிட் எப்பிடி? நானும் எடுக்கட்டோ?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. வெளியே மைனஸ் 16. நான் பெற்றோல் அடித்துவிட்டு, விறைத்த விரலால் ரசீதை மடித்துக்கொண்டு நின்றேன். உடனே பதில் போட்டிருந்தால் குடும்பத்துக்குள் சண்டை வந்திருக்கும். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதே கார் வைத்திருக்கும் ஆட்கள் கலியாண வீட்டில் என்னைப் பிடித்து, "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே" என்பார்கள். 2023 ஐப்பசியில் புதிதாக எடுத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய எஸ்யூவி, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், பிளக் குத்தத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட். யன்னலில் ஒட்டியிருந்த எனர்கைட் லேபிளில், அதாவது கார் எவ்வளவு குடிக்கும் என்று சொல்லும் கனடா அரசின் சீட்டில், நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து 100 கிலோமீற்றருக்கு 6.0 லீற்றர் என்று இருந்தது. அந்த லேபிளைக் கிழியாமல் கழற்றி ஃபைலில் வைத்திருக்கிறேன். வழக்குப் போடும் எண்ணமில்லை. இடைக்கிடை எடுத்துப் பார்த்துக் கோபப்படத்தான்.

காரின் திரை சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை. என்னுடையது எப்போதும் 0.3, 0.4 குறைத்தே காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் தாங்கியை நிரப்பி, லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கொப்பியில் எழுதுகிறேன். அந்தக் கொப்பியைக் கண்டால் மனைவி எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுவா.

முதல் குளிர்காலத்தில் 6.8 வந்தது. பரவாயில்லை என்றிருந்தேன். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே வெப்பம் கூடியது என்று பின்னால்தான் தெரியும். 2024 கோடையில் 5.6. லேபிளையே வென்றுவிட்டேன் என்று வேலைத்தலத்தில் ஒருவர் விடாமல் சொல்லித் திரிந்தேன். அப்புறம் உண்மையான குளிர் வந்தது. மார்கழியில் 7.3, தையில் 8.1, 2025 மாசியில் 8.4. அதற்குப் பிறகு வேலைத்தலத்தில் நான் கார்க் கதை எடுப்பதில்லை.

இலக்கத்தை விட என்னை வதைப்பது வேறொன்று. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், எங்கள் மக்கோவன் வீதியில் சிவப்பு லைற்றில் நிற்கிறேன் என்று வையுங்கள். கோடையில் என்றால் எஞ்சின் அணைந்து, கார் கோயில் மண்டபம் போல அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்காகத்தான் கூடக் காசு கொடுத்தேன். குளிர்காலத்தில் கார் நிற்கும், பற்றரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும், மோட்டாருக்கு வேலையே இல்லை, ஆனால் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். சில நேரம் அணையும். நான் சந்தோசப்பட வாயெடுக்கும்போது திரும்ப எழும்பும்.

காரணம் பின் ஆசனத்தில் இருக்கிறது. "தம்பி, கால் விறைக்குது. ஹீற்றரை ஒருக்காக் கூட்டிவிடு." அம்மாவுக்கு எண்பது வயது. 19 இல் வைத்த ஹீற்றரை 24 க்குக் கூட்டுவேன். இரண்டு செக்கனில் எஞ்சின் எழும்பும். முன் ஆசனங்களுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சூடாக்கும் வசதி உண்டு, அவை மின்சாரத்தில் ஓடுபவை. பின் ஆசனத்துக்கு இல்லை. அதற்கு இன்னும் விலை கூடிய மொடல் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, மிச்சம் பிடித்தேன். அந்த மிச்சத்தை இப்போது பெற்றோலாக எரிக்கிறேன்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் எடுத்தது. என் காரில் உள்ளே வரும் சூடு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இருந்து வருகிறது. எஞ்சின் அணைந்தால் தண்ணீர் ஆறும். ஆறினால் ஹீற்றர் சூடு கேட்கும். கேட்டால் எஞ்சின் ஓடித்தான் கொடுக்க வேண்டும். பழைய காரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே எஞ்சின் எப்படியும் ஓடிக்கொண்டே இருந்தது. எரிந்த பெற்றோலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகாமல் வெப்பமாக வீணாகியது, அந்த வீண்வெப்பத்தில்தான் இருபது வருடம் குளிர்காய்ந்திருக்கிறோம். நான் அதை இலவசம் என்றே நினைத்திருந்தேன். ஹைபிரிட் எஞ்சின் கெட்டித்தனமானது, வீணாக்குவது குறைவு. ஆகவே சூடேறவும் நேரம் எடுக்கிறது. சிக்கனக்காரன் வீட்டு அடுப்படியில் குளிர்காயப் போன கதை.

இது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாத விசயமும் இல்லை. 2004 மொடலாக வட அமெரிக்காவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸ் ஹைபிரிட்டில், எஞ்சினின் சூடான தண்ணீரைச் சேமித்து வைக்க ஒரு வெற்றிடக் குடுவை இருந்தது. அம்மாவின் சுடுதண்ணிப் போத்தல் இருக்கிறதே, அதே வேலைதான். காலையில் எடுக்கும்போது அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும். அடுத்த தலைமுறையில் அதை விட்டுவிட்டு, புகைக்குழாயில் போகும் வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கினார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கோபம் கூடியது. இருபது வருடத்துக்கு முன்னமே இதை யோசித்துக் காரில் சுடுதண்ணிப் போத்தல் வைத்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். என்னிடம் காரை விற்றவர் "வின்ரரில கொஞ்சம் குறையும்" என்று ஒரு வசனத்தில் முடித்தார்.

ஒரு நாள் பரிசோதனையும் செய்தேன். மைனஸ் 9. தனியாக, ஹீற்றரை முழுவதுமாக அணைத்து, ஆசனச் சூடும் ஸ்டீயரிங் சூடும் மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கார் சொன்னபடி கேட்டது. லைற்றில் நின்றால் அணைந்தது, மெதுவாகப் போனால் மின்சாரத்திலேயே போனது. எலிஸ்மியர் வீதியைத் தாண்டும்போது என் மூச்சே முன்கண்ணாடியில் புகாராகப் படிந்து, எதிரே போவது பஸ்ஸா லொறியா என்று தெரியவில்லை. ஒரு கையால் துடைத்துத் துடைத்துப் போய்ச் சேர்ந்தேன். திரை 6.2 காட்டியது. பின்னேரம் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "குளிரில நடுங்கிக்கொண்டு போறதெண்டால் பஸ்ஸிலயே போயிருக்கலாமே. அதுக்குள்ள ஹீற்றர் இருக்கு" என்றா மனைவி. கொப்பியில் அந்த நாளை மட்டும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

டீலரிடம் கொண்டுபோனேன். நாற்பது நிமிடம் இருக்கவைத்து, இலவசக் கோப்பி தந்து, "எல்லாம் நோர்மல்" என்று தாளைத் தந்தார்கள். ஆளைச் சமாளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கைப் பார்த்தேன். 25 பாகையில் ஓடுவதோடு ஒப்பிட்டால், மைனஸ் 7 இல் நகர ஓட்டத்தில் சாதாரணப் பெற்றோல் கார் ஒரு லீற்றரில் ஓடும் தூரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இழக்கும். ஹைபிரிட் 30 முதல் 34 சதவீதம் வரை இழக்கலாம். என் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கோடையில் ஒரு லீற்றருக்கு 17.9 கிலோமீற்றர், தையில் 12.3. அதாவது 31 சதவீதம். கார் புத்தகத்தில் எழுதியபடியே இழக்கிறது. பழுது என்று வந்திருந்தால் திருத்தலாம். நோர்மலை என்ன செய்வது?

லேபிளையும் முழுப்பொய் என்று சொல்ல முடியாது. 2015 மொடல்களில் இருந்து கனடாவில் ஐந்து வகைப் பரிசோதனைகளைச் சேர்த்துத்தான் அந்த இலக்கத்தை எடுக்கிறார்கள், அதில் ஒன்று குளிரில் செய்வது. ஆனால் அந்தப் பரிசோதனையில் பள்ளிக்கூடத்துக்கு 2 கிலோமீற்றர், அங்கிருந்து தமிழ்க்கடைக்கு 3, பிறகு கோயிலுக்கு 4 என்று எஞ்சின் சூடேற முதலே நிற்பாட்டி நிற்பாட்டி ஓடும் ஸ்காபரோச் சீவியம் இல்லை. என் ஓட்டம் முக்கால்வாசி இதுதான். ஒருமுறை ஒட்டாவாவுக்குப் போனபோது மைனஸ் 12 இலும் 6.9 வந்தது, ஒருக்கால் சூடேறிய எஞ்சின் நாலரை மணி நேரம் சூடாகவே இருந்ததால். பிழை காரிலா, வீட்டு விலாசத்திலா என்று அன்றைக்கு யோசித்தேன். விலாசத்தோடு கோபப்பட முடியாது.

மற்றக் காரணங்களை ஓட்டமாகச் சொல்கிறேன். குளிரில் பற்றரி மந்தம், பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தியை முழுதாக வாங்காது. குளிர்காற்று அடர்த்தி கூடியது. குளிர்காலப் பெற்றோலில் சக்தி ஒன்றிரண்டு சதவீதம் குறைவு. வின்ரர் ரயரை உருட்டக் கூடுதல் சக்தி வேண்டும், அதை மட்டும் குறைசொல்ல மாட்டேன், ஐஸில் நிற்பதே பெரிய விசயம். ரயர் காற்றைப் பாருங்கள். புரட்டாதியில் 33 இருந்தது, தையில் 28. ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

உண்மையில் உதவியது ஒன்றே ஒன்று: கராஜ். ஸ்காபரோவில் எல்லா வீட்டையும் போல எங்கள் கராஜிலும் காரைத் தவிர எல்லாம் இருந்தது. பெரிய கிடாரம், மடக்குக் கதிரைகள், யாரோ ஊருக்கு அனுப்பவென்று வைத்துவிட்டுப்போன இரண்டு பெட்டி, 2011 இல் வாங்கிய நடக்கும் இயந்திரம். இந்த முறை கார்த்திகையில் இரண்டு சனிக்கிழமை சண்டைபிடித்து ஒதுக்கி, காரை உள்ளே விட்டேன். வெளியே மைனஸ் 10 என்றால் உள்ளே பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கிறது. இந்தத் தையில் இதுவரை 7.2. கராஜில் விட்டதில் இன்னொரு லாபமும் உண்டு, அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். போன வருட மாசி 8.4 ஏன் என்று காரின் செயலியில் கிண்டிப் பார்த்தபோது, காலையில் ஏழரைக்குக் கிட்டத்தட்டத் தினமும் ரிமோட் ஸ்ரார்ட் பதிவாகியிருந்தது. பத்து நிமிடம், பூச்சியம் கிலோமீற்றர். பிள்ளைக்குக் குளிரக்கூடாது என்று மனைவி குசினியில் இருந்தே எழுப்பியிருக்கிறா. நான் அந்த மாதம் முழுக்கக் காரைத் திட்டினேன். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டால் நச்சுவாயு வீட்டுக்குள் வந்துவிடும் என்பதால் அந்தப் பழக்கம் தானாக நின்றது.

இதில் சேராத ஒரு எரிச்சல்: போன மாசி நடுவில் அடுத்தடுத்துக் கொட்டிய ஸ்னோவில் கார் ஐந்து நாள் புதைந்து கிடந்து, எடுக்கப் போனால் கதவே திறக்கவில்லை. சின்ன 12 வோல்ற் பற்றரி செத்துவிட்டது. பெரிய பற்றரி இருந்தும் பயனில்லை, காரின் கணினியை எழுப்ப அந்தச் சின்னது வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பதினைந்து வருடப் பழைய பெற்றோல் காரைக் கொண்டுவந்து வயர் கொடுத்து எழுப்பிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருக்கலாம்.

காசுக் கணக்குக்கு வந்தால் என் கோபம் சிறுத்துவிடுகிறது. மாதம் 1,100 கிலோமீற்றர். கோடையை விடத் தையில் கூட எரிந்தது 27 லீற்றருக்குச் சற்று மேல், 40 டொலர் அளவு. என் பழைய கார் இதே வீதியில் இதே குளிரில் 11 லீற்றருக்கு மேல் குடித்தது. ஆக, மிக மோசமான மாதத்திலும் இந்தக் கார் பழையதை விட நல்லது. இதை நானே என் கையால் எழுத வேண்டியிருக்கிறது. 2025 சித்திரையில் லீற்றருக்கு 17.6 சதமாக இருந்த கார்பன் வரி நீங்கிப் பெற்றோல் இறங்கியபோது ஊரே சந்தோசப்பட்டது. ஹைபிரிட்டுக்குக் கூடக் கொடுத்த காசு திரும்பிவர இன்னும் நாள் பிடிக்கும் என்று கணக்குப் பார்த்துக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 31,000 கிலோமீற்றரில் பிரேக் கட்டைகள் கிட்டத்தட்டப் புதிது, மோட்டாரே பாதிப் பிரேக்கைப் பிடித்துவிடுகிறது. ஸ்னோவில் நான்கு சக்கரமும் தயங்காமல் பிடிக்கும். ஸ்டீயரிங் சூடு என்பது மனிதன் கண்டுபிடித்தவற்றில் பெரிய விசயம். வைகாசி வந்தால் இந்தக் காரைப்போல் ஒன்றில்லை. கென்னடி வீதியில் பின்னேர நெரிசலில் மற்றவர்கள் எரிந்துகொண்டு நிற்க, நான் சத்தமில்லாமல் ஊர்ந்து போவேன்.

மச்சான், நீ ஏஜக்ஸில் இருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் தினமும் போகிறாய். எஞ்சின் சூடேறி அப்படியே இருக்கும், என் துன்பத்தில் பாதியும் உனக்கு வராது. உன் வீட்டுக் கராஜும் காலி. பின் ஆசனத்தில் உன் அம்மா இல்லை. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்தக் கார் உனக்கென்றே செய்தது.

ஆனால் எடுக்கட்டோ என்று என்னிடம் கேட்டாய். எடுக்காதே. இன்றைக்கு என் பதில் அதுதான். வேறு பதில் வேண்டுமென்றால் ஆனியில் கேள்.

அம்மா கோயிலுக்கு வெளிக்கிட்டு, இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறா. கராஜ் கதவைத் திறந்து, காரை வெளியில் எடுத்து, 24 இல் வைக்கப் போகிறேன்.