அரசி சோஃபியா வம்சாவளிப் படம்: வாங்கலாம், கையில் பென்சில் இருக்கட்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ்ப் புத்தகம் விற்கும் ஒரு சின்னக் கடையில், போலந்து அரசி சோஃபியாவின் வம்சாவளிப் படம் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஏ1 அளவுத் தாள், கூடவே 12 பக்கக் குறிப்பேடு, விலை 35 வெள்ளி. ஐரோப்பிய இடைக்கால வரலாற்றைத் தமிழில் இவ்வளவு பெரிதாகச் சுவரில் மாட்டிப் படிக்கக் கிடைப்பது அரிது. தாராளமாக வாங்கலாம். ஆனால் மாட்டுவதற்கு முன் திருத்த வேண்டியவை இருக்கின்றன.

முதலில் பெயர்கள். போலிய மொழியில் குறுக்குக் கோடு போட்ட எல் எழுத்துக்கு ‘வ’ ஒலி. சொல்லின் கடைசியில் வரும் டபிள்யூவுக்கு ‘ஃப்’ ஒலி. படத்தில் ஆங்கில வழியாக வந்த ‘ஜாகியெல்லோ’, ‘விலாடிஸ்லா’ என்றே இருக்கிறது. யாகியெவ்வோ, வ்வாதிஸ்வாஃப் என்று மாற்றிக்கொள்ளுங்கள். முன்னது சோஃபியாவின் கணவரான போலந்து மன்னர், பின்னது அவர்களின் மூத்த மகன் பெயர். யாத்விகா என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் ஒருவர் அல்ல. ஒருவர் யாகியெவ்வோவின் முதல் மனைவி. மற்றவர் இரண்டாம் மனைவி ஆன்னாவுக்கு 1408இல் பிறந்த மகள். பக்கத்தில் ஆண்டைக் குறித்துவைத்தால் குழப்பம் வராது.

பாராட்ட வேண்டியது யாகியெவ்வோவின் நான்கு மனைவியரையும் ஒரே வரிசையில் வைத்திருப்பது. முதல் யாத்விகாவுக்கு மட்டும் வேறு நிறத்தில் கிரீடம் போட்டிருக்கிறார்கள். 1384இல் அவர் முடிசூடியது தன் சொந்த உரிமையில், மன்னர் என்ற பட்டத்தோடு. ஆன்னா, எல்ஜ்பியெத்தா கிரானோவ்ஸ்கா, சோஃபியா மூவரும் மன்னரின் மனைவி என்ற முறையில் அரசியானவர்கள். இந்த வேறுபாட்டைப் பல புத்தகங்களே கோட்டை விடுகின்றன.

பெரிய குறை கோட்டில்தான். தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். பார்க்கிறவர், அப்பாவுக்குப் பின் பிள்ளைக்குப் பட்டம் தானாக வந்தது என்று நினைத்துவிடுவார். அப்படி வரவில்லை. யாகியெவ்வோ லித்துவேனியர். யாத்விகாவை மணந்ததால் போலந்து அரியணை ஏறியவர். 1399இல் யாத்விகாவும் கைக்குழந்தையும் சில நாள் இடைவெளியில் இறந்துபோனதும், பிரபுக்களின் ஒப்புதல்தான் அவருக்கு மிஞ்சிய பிடிமானம். ஆன்னா, போலந்தை முன்பு ஆண்ட பியாஸ்ட் வம்சத்து மன்னர் மூன்றாம் காசிமிரின் பேத்தி. எனவே அவர் மகளுக்கு இரத்த உரிமை இருந்தது. 1422இல் மணமுடித்து 1424இல் முடிசூடிய சோஃபியாவுக்கு அது இல்லை. அதே 1424இல் மூத்த மகன் பிறந்தான். 1425இல் பிரபுக்கள் நிபந்தனையோடு அவனை வாரிசாக ஏற்றார்கள். மறு ஆண்டு வென்சித்சாவில் மன்னர் நிபந்தனைகளை உறுதிசெய்ய மறுத்ததும், மகனை வாரிசாக ஏற்ற அந்த ஆவணத்தை அவர் கண்முன்னே வாளால் வெட்டிப் போட்டார்கள். 1430இல் யெத்ல்னியாவில், நிலமுள்ள பிரபு எவரையும் தீர்ப்பில்லாமல் சிறைபிடிக்க மாட்டேன் என்பது உள்ளிட்ட சலுகைகளைக் கொடுத்துத்தான் ஒப்புதல் திரும்பக் கிடைத்தது. அந்த நேர்க்கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, பக்கத்தில் 1425, 1426, 1430 என்று எழுதுங்கள். அப்போதுதான் ஒரு தாயின் நெடுங்காலப் போராட்டம் கண்ணுக்குத் தெரியும்.

பிள்ளைகள் வரிசையிலும் ஒருவன் விடுபட்டிருக்கிறான். சோஃபியாவுக்கு மகன்கள் மூவர். நடுவில் பிறந்த காசிமிர் 1426இல் பிறந்து 1427இல் இறந்தான். அதே ஆண்டு பிறந்த தம்பிக்கும் அதே பெயரை வைத்ததால் இரண்டு குழந்தைகள் ஒன்றாகிவிட்டார்கள். இன்னொன்று: மூத்தவர் 1444இல் வர்னா போரில் மாண்டதும் தம்பி உடனே பட்டத்துக்கு வந்ததுபோல் காட்டியிருக்கிறார்கள். காசிமிர் முடிசூடியது 1447இல். இடைப்பட்ட காலத்தில் அரியணை காலியாகவே கிடந்தது. அங்கே ஓர் இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் 1427ஆம் ஆண்டுப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். கருவுற்றிருந்த அரசிமேல் கள்ள உறவுக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் சத்தியம் செய்து மீண்டார். உடன் நின்று சத்தியம் செய்த பெண்களை ‘சாட்சிகள்’ என்று மொழிபெயர்த்திருப்பது தவறு. சாட்சி என்றால் கண்டதைச் சொல்பவர். இவர்கள் சொன்னது வேறு: அரசியின் சத்தியம் நம்பத்தக்கது என்று தங்கள் மானத்தைப் பிணை வைத்தார்கள். ‘உடன்சத்தியம் செய்தோர்’ என்றால் பொருத்தமாக இருக்கும். சோஃபியாவின் பெயரால் வழங்கும் பழைய போலிய விவிலியப் பிரதிக்கு இரண்டே வரி ஒதுக்கியிருக்கிறார்கள், அது மிகவும் குறைவு. அதன் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் தொலைந்துவிட்டது என்பதையாவது சேர்த்திருக்கலாம்.

தாள் பளபளப்பானது. குழல் விளக்குக்கு எதிரே மாட்டினால் நடுப்பகுதி கண்ணைக் கூசும், பக்கச் சுவரே நல்லது. கோலாலம்பூர் ஈரக்காற்றில் ஓரம் சுருண்டுகொள்ளும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துத் தொங்கவிடுங்கள். பளபளப்பு இல்லாத லேமினேஷன் போடுவதாக இருந்தால் திருத்தங்களை எழுதி முடித்த பிறகு போடுங்கள், அதற்குப் பின் தாளில் எழுத முடியாது.