"புரோசசர் வீக், ஐ7 மாத்தித் தரேன்" என்று சொன்னால் டெபோசிட் கட்டாதீர்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள், முக்கியமாகப் படிவம் 6, பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயர் இங்கே வராது. அந்த ஒரு கடையைத் தவிர்த்தாலும் இதே தந்திரம் வேறு கடையில் வேறு விலைக்குக் கிடைக்கும்.

பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று மகளின் டெல் இன்ஸ்பிரானைக் கொண்டுபோயிருக்கிறது. உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-8250யு புரோசசர், அதாவது மெஷினின் மூளை; ஐ7 என்பது அதற்கு மேல் ரகம். மெஷின் ஆன் ஆகிறது, ஆனால் வேர்ட் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கடைக்காரர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, புரோசசர் வீக் ஆயிருச்சி. ஐ7 மாத்தித் தரேன், 750 வெள்ளி. இன்னைக்கு 300 கட்டிட்டுப் போங்க" என்றிருக்கிறார். திரும்பி வந்த மெஷினில் ஐ7 ஸ்டிக்கர் இருந்தது. செட்டிங்ஸில் பார்த்தாலும் ஐ7-8550யு என்றே காட்டியது. வேகம் மட்டும் பழையபடியே. கேட்டதற்கு, வின்டோஸ் பழசாம், புதிதாகப் போட இன்னும் 120 வெள்ளியாம். ரசீதில் "சர்வீஸ்" என்று ஒரே ஒரு சொல்.

உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை. கோளாறு சார்ஜரில்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புரோசசர் வயதாகி மெதுவாக "வீக்" ஆவதில்லை. கெட்டுப்போனால் மெஷின் ஆன் ஆகாது, தொங்கி நிற்கும், நீலத் திரை வரும். ஆன் ஆகி, ஒழுங்காக வேலை செய்து, ஆனால் ஆமை வேகத்தில் ஓடினால், ஏதோ ஒன்று அதை மெதுவாக ஓடச் சொல்கிறது என்று அர்த்தம். அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் ரிப்பேர்.

டெல் சார்ஜர் முனையின் நடுவில் ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும். மெஷினுக்கான கரண்ட் அதன் வழியாக வருவதில்லை. சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சிப்பிலிருந்து "இது 65 வாட்" என்ற தகவலைக் கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை. தகவல் வராவிட்டால் எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று மெஷினுக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக பேட்டரி சார்ஜ் ஆவதை நிறுத்திவிட்டு, புரோசசரையும் அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். 8250யுவில் அந்த அடிமட்டம் 400 மெகாஹெர்ட்ஸ். டாஸ்க் மேனேஜரில் 0.39 அல்லது 0.40 கிகாஹெர்ட்ஸ் என்று தெரியும். இதே புரோசசர் 3.4 வரை ஏறக்கூடியது.

கடைகளில் சறுக்குவது எங்கே என்றால், மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 19.5 வோல்ட் சரியாகவே வரும். "சார்ஜர் ஓகே" என்று சொல்லிவிடுவார்கள். வோல்டேஜ் வரும் கம்பி வேறு, தகவல் வரும் கம்பி வேறு. தகவல் கம்பிதான் மெல்லிசு. முனைக்குப் பக்கத்தில் வயர் மடங்கி மடங்கி அதுதான் முதலில் அறும். விலை குறைந்த போலி சார்ஜர்களில் சிப்பே சரியாக இருக்காது. இடி மின்னலுக்குப் பிறகு வோல்டேஜ் நன்றாக இருந்தும் சிப் மட்டும் போயிருப்பதும் உண்டு. பேராக்கில் மழைக்காலத்தில் சுவிட்சை மட்டும் அடைக்காமல் பிளக்கையே பிடுங்கி வைப்பது நல்லது. எச்பியின் நீல முனை சார்ஜரிலும் இப்படி நடுப் பின் உண்டு.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியுவைப் பாருங்கள். யூடியூபில் 1080 வீடியோ ஒன்றை ஓட விட்டு, ஸ்பீட் என்ற எண்ணைக் கவனியுங்கள். 0.39லேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியில் வேகம் சட்டென ஏறினால் சார்ஜர் அல்லது சார்ஜர் குத்தும் ஜேக், இரண்டில் ஒன்று. மெஷினை ஆஃப் செய்து, ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (வின்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போனால் அடாப்டர் வகை 65 வாட் என்று இருக்கிறதா, தெரியவில்லை என்று இருக்கிறதா என்பது தெரியும். நண்பரின் அசல் சார்ஜரைக் குத்தியதும் சரியாகிவிட்டால் சார்ஜரை மட்டும் மாற்றுங்கள். அதிலும் அடையாளம் தெரியவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஜேக். இந்த வகை இன்ஸ்பிரானில் அது மதர்போர்டில் பற்றவைக்கப்படாத, தனி வயரோடு வரும் சின்ன பார்ட். பின் மூடியைத் திறந்து மாற்றலாம். எதுவானாலும் 750 வெள்ளிக்குப் பக்கத்தில்கூட வராது.

புரோசசர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிடி பிராக்ஹாட் (புரோசசரை மெதுவாக ஓடச் சொல்லும் வெளிச் சிக்னல்) என்ற டிக்கை எடுத்தால் வேகம் உடனே வந்துவிடும். சோதனைக்கு மட்டும் செய்யுங்கள். அப்படியே விட்டால் பேட்டரி சார்ஜ் ஆகாத பிரச்சினை அப்படியே இருக்கும். நிஜமாகவே சக்தி குறைந்த சார்ஜராக இருந்தால் அது சூடாகி உயிரை விடும். சில கடைகள் இந்த டிக்கை எடுத்துவிட்டு "ரிப்பேர்" என்று பணம் வாங்குகின்றன.

டாஸ்க் மேனேஜரில் ஸ்பீட் எண் வேறாக இருந்தால் காரணமும் வேறு. சரியாக 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் புரோசசர் ஸ்டேட் 99 சதவீதத்தில் இருக்கிறதா பாருங்கள். 100 ஆக்கினால் டர்போ, அதாவது தேவைப்படும்போது ஏறும் கூடுதல் வேகம், திரும்பும். முதல் அரை நிமிடம் 3க்கு மேல் ஓடி, பிறகு 2 சொச்சத்துக்கு இறங்கினால் கோளாறே இல்லை. 15 வாட் புரோசசரின் இயல்பு அது. அதற்கும் கீழே இறங்கி, வெப்பம் 95 டிகிரிக்கு மேல் காட்டினால் ஃபேனிலும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கிலும் செம்மண் தூசி, அல்லது புரோசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். தூசி ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிபியு 10 சதவீதமும் டிஸ்க் 100 சதவீதமும் காட்டினால் பழி ஹார்ட் டிஸ்க் மேல். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டால் போதும்.

இப்போது அந்த "ஐ7". செட்டிங்ஸில் தெரியும் புரோசசர் பெயரை வின்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியிலிருந்து (அதன் உள் விவரப் பதிவேடு) எடுத்துக் காட்டுகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் அசல் பெயர் திரும்பிவிடும் என்பதால், போலிப் பெயரை மறுபடி எழுத ஸ்டார்ட்அப்பில் ஒரு சின்ன ஃபைலையும் வைத்துவிடுவார்கள். இந்த மெஷினில் அதுவும் இருந்தது. இவ்வளவு மெனக்கெட்டவர் சார்ஜரைப் பார்த்திருக்கலாம்!

ரெஜிஸ்ட்ரியால் பொய் சொல்லவைக்க முடியாத இடங்களைப் பாருங்கள். பயாஸில் அசல் பெயர் இருக்கும். சிபியு-இசட் என்ற மென்பொருள் நேராகப் புரோசசர் சிப்பிடமே கேட்கும். டாஸ்க் மேனேஜரிலேயே எல்3 கேஷ் (புரோசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) என்ற வரி உண்டு: ஐ5-8250யுவில் 6 எம்பி, ஐ7-8550யுவில் 8 எம்பி. பெயர் ஐ7, கேஷ் 6 என்றால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

இன்னொன்று. 5ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் லேப்டாப் புரோசசர்கள் சாக்கெட்டில் உட்காருவதில்லை. மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றன. ஐ7 வேண்டுமென்றால் நடைமுறையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றியிருந்தால் பயாஸில் தெரியும் சர்வீஸ் டேக் (டெல் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் தனி எண்), அடியில் ஒட்டியிருக்கும் டேக்கோடு பொதுவாக ஒத்துப்போகாது, அல்லது காலியாக இருக்கும். கடைக்காரர் வேண்டுமென்றே அதே எண்ணைப் புதிய போர்டில் எழுதியிருந்தால் ஒத்துப்போகும். அதனால் பழைய மதர்போர்டையும் கையில் கேளுங்கள்.

கொடுப்பதற்கு முன் பயாஸ் திரை, சிபியு-இசட், எஸ்எஸ்டி, ரேம் விவரம் எல்லாவற்றையும் போனில் படம் பிடியுங்கள். ரசீதில் மாடல், சர்வீஸ் டேக், மாற்றிய பார்ட்டின் பெயர், விலை, வாரண்டி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்; திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் தெரியும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளாகவும் சேவையாகவும் இருக்க வேண்டும். மனு போடும்வரை அந்த ஸ்டார்ட்அப் ஃபைலை அழிக்காதீர்கள், வின்டோஸையும் மறுபடி போடாதீர்கள். செட்டிங்ஸில் ஐ7, பயாஸில் ஐ5, இரண்டு திரையின் படத்தையும் ரசீதோடு இணையுங்கள்.