சித்தியோட வத்தல் கடைக்கு வந்த கொட்டேஷன்: டொமைன்ல இருந்து கேட்வே வரைக்கும் எது தேவலாம்?

போன மாசம் திருமங்கலத்துல இருந்து எங்க சித்தி ஒரு கொட்டேஷனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. சித்தி சுண்டக்காய் வத்தல், மோர்மிளகாய், கூழ்வடகம்லாம் மொட்டைமாடில காயப்போட்டு விக்கிறவங்க, இத்தனை வருஷமா தெரிஞ்சவங்க மூலமாத்தான் யாவாரம், இப்ப வெப்சைட் போடலாம்னு யாரையோ கேட்டிருக்காங்க. டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், பிசினஸ் மெயில், ஈகாமர்ஸ், பேமென்ட் கேட்வேன்னு ஆறு வரி, கீழ மொத்தம் 28,000 ரூபா. "இதுல எதுடா நெசமாவே வேணும், எதை சும்மா சேத்திருக்கான்?"னு ஒரு வாய்ஸ் நோட் வேற. நான் பெரிய எக்ஸ்பர்ட்லாம் இல்ல, ஆனா இந்த விஷயத்துல ஒரு தடவை நல்லா சூடு பட்டவன், அதனால ஒவ்வொரு வரியா அவங்களுக்கு சொன்னதை இங்கயும் எழுதிடுறேன்.

எதை எதோட ஒப்பிட்டாலும் நான் முதல்ல பாக்கிறது ஒண்ணுதான். நாளைக்கு இவங்களோட ஒத்துவரலன்னா எதை தூக்கிட்டு கிளம்ப முடியும், எது அங்கயே மாட்டிக்கும்? விலையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

டொமைன், ஹோஸ்டிங்: சிம்மும் போனும்

டொமைன்னா பேரு. ஹோஸ்டிங்னா அந்த பேரை தட்டினா வர்ற பக்கங்களை வச்சிருக்கிற கம்ப்யூட்டர்ல நமக்கு வாடகைக்கு கிடைக்கிற இடம். எல்லாரும் இதை அட்ரஸ், வீடுன்னு சொல்லி புரியவைப்பாங்க, எனக்கு அது ஒட்டல, வீடு மாறினா அட்ரஸும் மாறிடும்ல. சிம்மும் போனும்னு வச்சுக்கோங்க. போன் உடைஞ்சா வேற போன்ல அதே சிம்மை போடுறோம், நம்பர் மாறாது. எந்த பேரு எந்த மெஷினுக்கு போகணும்னு சொல்ற நோட்டுப்புத்தகத்துக்கு டிஎன்எஸ்னு பேரு, 1983ல பால் மொகபெட்ரிஸ்னு ஒருத்தர் வடிவமைச்சது, இன்னைக்கும் அதுமேலதான் எல்லாம் ஓடுது. ஹோஸ்டிங் கம்பெனி மாத்தினா அந்த நோட்டுல ஒரு வரிய மாத்தணும், அது எல்லா இடத்துக்கும் போய் சேர சில நிமிஷமும் ஆகலாம், ரெண்டு நாளும் ஆகலாம், அதுக்குள்ள சைட் போச்சுன்னு பதற வேணாம்.

ஆக ஹோஸ்டிங்கை தப்பா வாங்கிட்டா மாத்திக்கலாம். டொமைன் தப்பான ஆள் பேர்ல இருந்தா கதை முடிஞ்சுது. நான் சூடு பட்டது இங்கதான். ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை வச்சிருந்தப்ப சைட் பண்ணி குடுத்தவர் டொமைனையும் அவரோட அக்கவுண்ட்ல, அவரோட மெயில் ஐடில எடுத்துட்டார், எனக்கு அப்ப அது ஒரு விஷயமாவே தெரியல, ரெனியூவல் நோட்டீஸ் எல்லாம் அவருக்கு போயிருக்கு, அவர் அதுக்குள்ள தொழிலை விட்டுட்டு வேற ஊருக்கு போயிட்டார், நான் முழிச்சு பாக்கும்போது பேரு காலாவதியாகி வேற யாரோ எடுத்துட்டாங்க. விசிட்டிங் கார்டு, பில் புக், கடை போர்டு எல்லாத்துலயும் அந்த பேரு. அதனால சித்திட்ட முதல்ல சொன்னது, டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க பணத்துல நீங்களே வாங்குங்க, யார் சைட் பண்ணினாலும் சரி.

வேற கம்பெனிக்கு மாத்தணும்னா ஆத் கோடுன்னு ஒண்ணு கேட்டு வாங்கணும், நம்பர் போர்ட் பண்றப்ப வர்ற கோடு மாதிரிதான். புதுசா வாங்கின டாட் காமை முதல் 60 நாளுக்கு பொதுவா மாத்த விடமாட்டாங்க. ரெனியூ பண்ண மறந்தாலும் உடனே போயிடாது, கொஞ்ச நாள் கிரேஸ் இருக்கும், அது முடிஞ்சு கம்பெனிக்காரன் பேரை அழிச்சாலும் டாட் காம் மாதிரி பேருங்களுக்கு 30 நாள் ரிடெம்ப்ஷன்னு ஒரு கடைசி வாய்ப்பு உண்டு, அதுல மீட்க தனியா ஒரு தொகை தீட்டுவாங்க. இன்னொண்ணு, முதல் வருஷம் 99 ரூபான்னு போட்டிருப்பான், அதை பாக்காதீங்க. ரெண்டாவது வருஷ ரெனியூவல் ரேட் என்னன்னு பாருங்க, நாம காலத்துக்கும் கட்டப்போறது அதைத்தான். ஹோஸ்டிங்குக்கும் இதே கதை.

டாட் காமா டாட் இன்னான்னு கேட்டா, நீங்க விரும்புற பேரு டாட் காம்ல கிடைச்சா எடுங்க, 1985ல இருந்து இருக்கிறதால நல்ல சின்ன பேருங்க பெரும்பாலும் போயிடுச்சு. டாட் இன் நம்ம நாட்டோடது, நிக்சிங்கிற அமைப்பு பாத்துக்குது, இந்தியாக்குள்ள விக்கிறவங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்ல. தமிழ்லயே டாட் இந்தியான்னும் இருக்கு, இலங்கைக்கு டாட் இலங்கை, சிங்கப்பூருக்கு டாட் சிங்கப்பூர். சித்திக்கு அதுமேல ஆசை வந்துடுச்சு. ஆனா உள்ளுக்குள்ள அதை வேற எழுத்துக்கோவையா மாத்தித்தான் கம்ப்யூட்டர் படிக்குது, அந்த பேர்ல மெயில் ஐடி வச்சா நிறைய ஃபார்ம்ல ஏத்துக்கவே மாட்டேங்குது, அதனால ரெண்டாவது டொமைனா வேணா வச்சுக்கலாம்.

ஷேர்டு ஹோஸ்டிங்னா ஒரே சர்வர்ல நம்மள மாதிரி நூத்துக்கணக்கான சைட், விபிஎஸ்னா அதுலயே நமக்குன்னு தடுத்து ஒதுக்கின அறை. வத்தல் கடைக்கு ஷேர்டு போதும். "அன்லிமிடெட்"னு எழுதியிருந்தா நம்பாதீங்க, கண்டிஷன் பக்கத்துல ஃபைல் எண்ணிக்கைக்கோ சிபியூவுக்கோ ஒரு வரம்பு ஒளிஞ்சிருக்கும்.

எஸ்எஸ்எல்: 3,500 ரூபாயா, சும்மாவா

கொட்டேஷன்லயே எனக்கு கடுப்பானது இந்த வரிதான். எஸ்எஸ்எல்னா பாக்கிறவரோட போனுக்கும் சர்வருக்கும் நடுவுல போற தகவலை யாரும் ஒட்டுக்கேக்க முடியாதபடி பூட்டுறது, அட்ரஸ்ல ஹெச்டிடிபிஎஸ்னு கடைசில ஒரு எஸ் வருதுல்ல, அதுதான். 2018 ஜூலைல இருந்து க்ரோம் இது இல்லாத சைட்டை பாதுகாப்பில்லாததுன்னு காட்டுது, அதனால கண்டிப்பா வேணும். ஆனா லெட்ஸ் என்க்ரிப்ட்னு லாபநோக்கம் இல்லாத ஒரு அமைப்பு இதை இலவசமாவே குடுக்குது, நல்ல ஹோஸ்டிங் எல்லாத்துலயும் ஒரு பட்டன்தான், காலாவதி ஆகுறதுக்கு முன்னாடி தானாவே புதுப்பிச்சுக்கும். பேங்குக்கு காசு குடுத்து வாங்குற வகை வேணும்னா இருக்கலாம், சித்திக்கு எதுக்கு? அடிச்சாச்சு அந்த வரியை. ஆமா, எஸ்எஸ்எல் இருந்தா கடைக்காரன் யோக்கியன்னு அர்த்தம் இல்ல, திருட்டு சைட்லயும் அது இருக்கும்.

மெயில்: ஜிமெயிலா, சொந்த பேரா

மெயில் ஐடில அந்த @ சுழிக்கு இடது பக்கம் ஆளு, வலது பக்கம் இடம், 1971ல ரே டாம்லின்சன் அந்த குறியை எடுத்ததுல இருந்து இதேதான். வலது பக்கம் ஜிமெயில்னு இருந்தா அந்த இடம் கூகுளோடது, நம்ம டொமைன் இருந்தா நம்மளோடது. ஜிமெயில் இலவசம், 15 ஜிபி, ஆனா அதே 15ஐத்தான் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கும், பேரன் வீடியோ எல்லாம் ஏறி நிரம்பிடுச்சுன்னா ஆர்டர் மெயில் உள்ள வராது. சொந்த பேர்ல வச்சா சௌகரியம் என்னன்னா, டிஎன்எஸ்ல எம்எக்ஸ்னு ஒரு வரி, மெயில் எந்த கம்பெனிக்கு போகணும்னு சொல்றது, அதை மாத்தினா ஐடி மாறாமயே கம்பெனியை மாத்திக்கலாம்.

மூணாவது வழி, ஹோஸ்டிங்கோட சேர்த்து "ஃப்ரீ"யா குடுக்கிற மெயில். எனக்கு பிடிக்கல. அதே சர்வர்ல இருக்கிற வேற எவனாவது ஸ்பேம் அனுப்பினா நம்ம மெயிலும் ஸ்பேமுக்கு போகும், ஹோஸ்டிங் படுத்தா மெயிலும் சேர்ந்து படுக்கும். நம்மூர் ஜோஹோல இலவச திட்டம் ஒண்ணு இருக்கு, சொந்த டொமைனை மாட்டிக்கலாம், ஆனா அதுல ஐமேப்பும் பாப்பும் கிடையாது, அவங்க ஆப்லயோ பிரவுசர்லயோதான் பாக்கணும். சித்திக்கு போன் மட்டும்தான், போதும்.

ஐமேப், பாப்னா என்னன்னு கேட்டீங்கன்னா எங்க சித்தப்பாவைத்தான் சொல்லணும். அவர் லாரி புக்கிங் ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர்ல பாப் முறைல மெயில் வச்சிருந்தார், பாப் என்ன பண்ணும்னா சர்வர்ல இருக்கிற மெயிலை இறக்கி கம்ப்யூட்டர்ல வச்சுக்கிட்டு, வேற மாதிரி செட்டிங் போடலன்னா சர்வர்ல அழிச்சிடும், போஸ்ட்மேன் லெட்டரை கையில குடுத்துட்டு போற மாதிரி. ஹார்ட் டிஸ்க் போனப்ப நாலு வருஷ மெயிலும் போச்சு. ஐமேப்ல மெயில் சர்வர்லயே இருக்கும், போன், லேப்டாப்னு எதுல பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும். இந்த காலத்துல ஐமேப்தான், பாப்புக்கு வாதாட எனக்கு காரணம் கிடைக்கல. மெயில் அனுப்புறதுக்கு மட்டும் ரெண்டுலயுமே எஸ்எம்டிபிங்கிற முறைதான்.

சொந்த பேர்ல மெயில் வச்சா இன்னும் ரெண்டு பேரு காதுல விழும். எஸ்பிஎஃப்னா என் பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதின்னு டிஎன்எஸ்ல எழுதி வைக்கிற லிஸ்ட், டிகேஐஎம்னா இது நெசமாவே நம்ம டொமைன்ல இருந்து வந்ததுன்னு காட்ட மெயில்மேல குத்துற முத்திரை. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதுல ரொம்ப கறாரா இருக்காங்க, அதனால சொந்த பேர்ல மெயில் போட்டா ரெண்டையும் முதல் நாளே செட் பண்ணிடுங்க. அப்புறம் தீபாவளி ஆஃபரை நூறு பேருக்கு சிசில போட்டு அனுப்பிடாதீங்க, எல்லார் ஐடியும் எல்லாருக்கும் தெரியும், பிசிசில போடுங்க.

கடை: நாலு வழி

இதுலதான் சித்திக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் போச்சு. முதல் வழி, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக், 500 பொருள் வரைக்கும் படம், விலை போட்டு வைக்கலாம், செலவு இல்ல. ஆனா எத்தனை பாக்கெட் மிச்சம்னு அதுக்கு தெரியாது, ஆர்டரை நோட்டுல எழுதணும், பிராட்காஸ்ட் ஒரு லிஸ்டுக்கு 256 பேர், அதுலயும் நம்ம நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் போகும்.

ரெண்டாவது, அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரி மார்க்கெட்பிளேஸ். கூட்டம் அங்க ஏற்கனவே நிக்குது, அது பெரிய விஷயம். கமிஷன் போகட்டும், என் கவலை வேற. வாங்கினவர் யாருன்னு நம்ம கைக்கு முழுசா வராது, அவர் அவங்க கஸ்டமர், வெளிய வந்தா வெறுங்கையோட வரணும்.

மூணாவது ஷாப்பிஃபை மாதிரி மாச வாடகை கடை. 2004ல கனடால ஸ்னோபோர்டு விக்க ஆரம்பிச்சவங்க, நல்ல கடை சாஃப்ட்வேர் கிடைக்காம தாங்களே எழுதி, 2006ல அந்த சாஃப்ட்வேரையே விக்க வந்தாங்க. கார்ட், செக்அவுட், ஸ்டாக் எல்லாம் ரெடி, ஹோஸ்டிங்கும் எஸ்எஸ்எல்லும் உள்ளயே அடக்கம். வாடகை நின்னா கடை மூடிடும், பொருள் லிஸ்ட், கஸ்டமர் லிஸ்டை ஃபைலா இறக்கிக்கலாம், கடையோட டிசைன் கூட வராது. நாலாவது வூகாமர்ஸ், வேர்ட்பிரஸ்ங்கிற வெப்சைட் பண்ற சாஃப்ட்வேர் மேல கடையா மாட்டுற இலவச பிளகின், முழுக்க நம்ம சொத்து, எங்க வேணா தூக்கிட்டு போகலாம். ஆனா அப்டேட், பேக்கப், ஹேக் ஆனா சுத்தம் பண்றது எல்லாம் நம்ம தலைல. சொந்தமா டிராக்டர் வாங்கின மாதிரிதான், ஓட்ட ஆள் இருந்தா லாபம், இல்லன்னா கொட்டாய்ல துரு பிடிக்கும். கொட்டேஷன்ல இருந்தது இதுதான், பராமரிப்பு யாருன்னு ஒரு வார்த்தை இல்ல.

கார்ட்னா கூடை, செக்அவுட்னா பில் போடுற இடம், எஸ்கேயூன்னா ஒவ்வொரு சரக்குக்கும் நாமளே வைக்கிற குறிப்பு நம்பர். கால் கிலோ மோர்மிளகாயும் அரைக்கிலோ மோர்மிளகாயும் ஒரே பொருளோட ரெண்டு வேரியன்ட், ஆனா எஸ்கேயூ தனித்தனி. கூடைல போட்டுட்டு வாங்காம போறவங்களை அபாண்டன்ட் கார்ட்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் கடைசில கூரியர் சார்ஜை பாத்து ஓடுறவங்கதான்.

எந்த வழியா இருந்தாலும் சாப்பாட்டு சரக்குக்கு எஃப்எஸ்எஸ்ஏஐங்கிற உணவு பாதுகாப்பு ஆணையத்துல பதிவு வேணும். வரி உள்ள சரக்கை வேற மாநிலத்துக்கு அனுப்பினா விற்பனை கம்மியா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கேக்கும், கைவினைப் பொருள் மாதிரி சிலதுக்கு விலக்கு உண்டு, உங்க சரக்கு எதுல வருதுன்னு ஆடிட்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

காசு வர்ற வழி

யூபிஐ க்யூஆர்ல சித்திக்கு ஒரு ரூபா கூட பிடிக்கமாட்டாங்க, 2020 ஜனவரில இருந்து கடைக்காரர்ட்ட பிடிக்கிற அந்த எம்டிஆர் கட்டணம் பூஜ்யம். ஆனா எந்த காசு எந்த ஆர்டருக்குன்னு கையால ஒத்துப்பாக்கணும், போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க, பேங்க் மெசேஜ் வராம பார்சல் கட்டாதீங்க. கேட்வேன்னா ரேசர்பே, கேஷ்ஃப்ரீ மாதிரி, கார்டு, யூபிஐ எல்லாத்தையும் வாங்கி ஆர்டரோட தானே ஒட்டிடும், பொதுவா 2 சதவீதம், அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்ப 1,000 ரூபா ஆர்டர்ல 23 ரூபா 60 காசு போகும். பணம் உடனே வராது, ஓரிரண்டு வேலை நாள் ஆகும், சைட்ல ரீஃபண்ட் பாலிசி, பிரைவசி பாலிசி பக்கமெல்லாம் இருந்தாத்தான் அக்கவுண்டே குடுப்பாங்க. கேஷ் ஆன் டெலிவரி மட்டும் சித்திக்கு வேணவே வேணாம்னுட்டேன், வாங்கமாட்டேன்னு திருப்பி அனுப்பினா ரெண்டு பக்க கூரியர் காசும் நம்மளோடது, வடகம் நொறுங்கித்தான் வரும்.

கூரியர்னதும் ஞாபகம் வருது, நிறைய கூரியர்காரங்க எடைய மட்டும் பாக்கமாட்டாங்க, நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுப்பாங்க, எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ். 30, 25, 20 பெட்டி மூணு கிலோ கணக்கு, உள்ள இருக்கிற கூழ்வடகம் ஒரு கிலோதான். இதை கேட்டுட்டு சித்தி நேரா இஞ்ச் டேப்பை எடுத்துட்டு போய் பெட்டியை அளக்க ஆரம்பிச்சிட்டாங்க.

கடைசில முடிவானது இதுதான். டாட் இன் டொமைன் மூணு வருஷத்துக்கு சித்தி பேர்ல, ஜோஹோ இலவச மெயில், ஒரே ஒரு பக்கம் சைட், அதுல இருந்து வாட்ஸ்அப் கேட்டலாக்குக்கு ஒரு பட்டன், காசுக்கு க்யூஆர். மாசம் நூறு ஆர்டரை தாண்டினா வாடகை கடை, கேட்வேயை பாத்துக்கலாம். வூகாமர்ஸை பராமரிக்க நான் பக்கத்துல இல்ல, அதனால அது வேணாம். டொமைன் பாஸ்வேர்டை பஞ்சாங்கத்தோட கடைசி அட்டைல எழுதி பூஜை ரூம்ல தொங்கவிட்டிருக்காங்க, அதை மட்டும் வர்ற ஞாயித்துக்கிழமை போய் மாத்தணும்.