பழைய டிக்கை எப்போது அழிப்பது? ஓர்க் மோடில் மூன்று வழிகள்

மாதம் ஒருமுறை அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறோம். கொண்டுபோகும் சாமான் பட்டியல், ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானில் குறிப்பும் வேலைப் பட்டியலும் எழுதும் வசதியான ஓர்க் மோடில் இருக்கிறது. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, மருந்து, வெள்ளவத்தைச் சித்திக்கு ஒடியல் மா என்று 14 வரி.

திகதியை மாதாமாதம் திரும்பிவரும்படி போட்டிருந்தேன். வேலை முடிந்ததென்று குறித்தால் ஓர்க் திகதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, தலைப்பை மறுபடி 'செய்யவேண்டியது' ஆக்கிவிடும். கீழே ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள செக்பாக்ஸ்களை, அதாவது டிக் போடும் பெட்டிகளை, மட்டும் தொடாது. ஒருமுறை 14/14 என்று நின்றதைப் பார்த்து, தம்பி எல்லாம் அடுக்கிவிட்டான் என்று நம்பிவிட்டேன். அது போன மாதத்து டிக். வவுனியா தாண்டிய பிறகுதான் கொப்பி வீட்டில் இருப்பது தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பின் பழைய டிக் தங்காமலிருக்க மூன்று வழிகளை மாறிமாறிப் பாவித்தேன்.

முதலாவது, கையால் அழிப்பது. 'ஓர்க்-ரீசெட்-செக்பாக்ஸ்-ஸ்டேட்-சப்ட்ரீ' என்ற கட்டளை, கேர்சர் நிற்கும் தலைப்புக்குக் கீழுள்ள எல்லாப் பெட்டிகளையும் ஒரே அடியில் வெறுமையாக்கும். ஓர்க்கோடு கூடவே வருவதால் எதுவும் நிறுவத் தேவையில்லை. ஆனால் அதை நாங்கள்தான் ஞாபகம் வைத்து ஓட்டவேண்டும். ஞாபகம் பிசகும் என்றுதானே பட்டியலே எழுதுகிறோம். உறுதிப்படுத்தச் சொல்லியும் கேட்காது, அதனால் பாதி அடுக்கிய நேரத்தில் தவறி ஓட்டினால் உடனே அண்டூ செய்யவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பயணத்துக்கும் மூலப் பட்டியலிலிருந்து புதுப் பிரதி எடுப்பது. கேப்சர் டெம்ப்ளேட் (புதுக் குறிப்பை நிரப்பித்தரும் ஓர்க் அச்சு) வைத்தால் இரண்டு மூன்று விசையில் வந்துவிடும். எந்த மாதம் எதைக் கொண்டுபோனோம் என்ற பதிவு அழியாமல் இருக்கும், அது பெரிய லாபம். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. பயணத்துக்கு நடுவில் "ஸ்கான் படமும் வேணும்" என்று பிரதியில் சேர்ப்பேன், மூலத்தில் சேர்க்க மறப்பேன். அடுத்த மாதம் அது மறுபடி காணாமல் போகும்.

மூன்றாவது, 'ஓர்க்-செக்லிஸ்ட்' என்ற துணை நிரல். தலைப்பில் 'ரீசெட்_செக்_பாக்ஸஸ்' என்ற பண்பைப் போட்டுவிட்டால், முடிந்ததென்று குறிக்கும் அந்தக் கணத்திலேயே பெட்டிகள் வெறுமையாகும். திகதியும் கூடவே நகரும். இது ஓர்க்-காண்ட்ரிப் என்ற கூடுதல் நிரல்களின் தொகுப்பில் உள்ளது. 2021-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து அந்தத் தொகுப்பு ஓர்க்கைவிட்டுத் தனியாகப் பிரிந்ததால், வேறாக நிறுவி, ஈமாக்ஸின் தொடக்கக் கோப்பில் அழைக்கவேண்டும். எந்தெந்தப் பெட்டியில் டிக் இருந்தது என்ற விவரம் இதில் மிஞ்சாது.

எனக்கு இந்த மூன்றாவது வழிதான். வெறுமையான பெட்டி தவறாக இருந்தால் பையை இன்னொருமுறை திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான். பொய்யான டிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு 400 கிலோமீற்றர் கூட்டிப்போகும். அதனால் அழிப்பது பயணம் முடிந்து வீடு வந்த அன்றே நடக்கவேண்டும், அடுத்த பயணத்து அவசரத்தில் இல்லை. இப்போது பையைப் பிரித்துச் சாமானை எடுத்துவைத்த கையோடு 'முடிந்தது' என்று குறித்துவிடுகிறேன்.