38,500 ரூபாவுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்த பழைய ஹப்! கார் வைத்திருப்பவர்கள் கவனம்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள், அதுவும் உதிரிப்பாகத்தை ஒன்லைனில் எடுப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். 38,500 ரூபா போய்விட்டது. கடையின் பெயரைப் போட எனக்கும் ஆசைதான். போட்டால் அவன் என்மேல் வழக்குப் போடுவான் என்று தம்பி தடுக்கிறான். வகையை மட்டும் சொல்கிறேன்: சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம், ஜப்பான் கார்களுக்கு 'ஒறிஜினல் புதுச் சாமான்' என்று படம் படமாகப் போடுவது, காசைக் கணக்குக்கு வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புவது. இப்படி எத்தனையோ இருக்கின்றன, எது என்று கேட்காதீர்கள். ஹப் என்றால் சில்லைப் பூட்டுகிற நடுத்துண்டு; என் காரில் சில்லைச் சுழல வைக்கிற பெயாரிங் குண்டுகளும் அதற்குள்ளேயே இருக்கும். அதை வாங்கும்போது எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்சியோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகும் புதுக்காரின் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். கொஞ்ச நாளாகப் பின்பக்கத்தில் ஓர் ஊளைச் சத்தம். 60இல் தொடங்கும், 80இல் காதை அடைக்கும். நியூற்றலில் போட்டாலும் அப்படியே இருந்தது, ஆகவே எஞ்சின் இல்லை. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டும் சத்தம் இடம் மாறவில்லை, ஆகவே டயரும் இல்லை. பெயாரிங்தான்.

அந்தப் பக்கத்துக்குச் செய்தி போட்டேன். உடனே அழைப்பு வந்தது. நான் ஏன் நம்பினேன் என்பதை இங்கே விபரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் சொன்ன தொழில்நுட்பத்தில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

"அண்ணா, விலையைப் பிறகு கதைப்பம், முதல்ல சேசிஸ் நம்பரை அனுப்புங்கோ. ஆக்சியோ எண்டாப்போல எல்லா ஹப்பும் பொருந்தாது. ஏபிஎஸ் இருக்கிறது வேற, இல்லாதது வேற" என்றான். (ஏபிஎஸ் என்பது சடுதியாகப் பிறேக் பிடித்தால் சில்லு இறுகாமல் பார்க்கிற அமைப்பு.) அனுப்பினேன். அப்புறம், "வலப்பக்கம் வளைக்கேக்க சத்தம் கூடுதா, இடப்பக்கம் வளைக்கேக்க கூடுதா?" என்று கேட்டான். வலப்பக்கம் என்றேன். "அப்ப இடது சில்லுதான் அண்ணா. வலப்பக்கம் வளைச்சா பாரம் இடப்பக்கம் சாயும். வலதை மாத்த வேண்டாம், வீண் செலவு." இரண்டு விற்க வேண்டியவன் ஒன்று போதும் என்கிறான்! அதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மம்மா வீடு மூதூர் என்றான். ஊர்க்காரப் பெடியன் என்று மனம் இளகிவிட்டது. பெட்டியின் படம் வந்தது, ஜப்பான் எழுத்து, பாக இலக்கம், எல்லாம் இருந்தது. 6 மாத வாரண்டி என்றான். பெறுமதியான சாமான் என்பதால் பார்சல் வந்த பிறகு காசு தருகிற வசதி இல்லையாம். 38,500 ரூபாவைக் கணக்குக்குப் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. "முதலாளியின்ட பெயர் அண்ணா" என்றான்.

கண்டி வீதியில் நான் வழக்கமாகப் போகும் கராஜில் பூட்டினோம். கராஜ் மெக்கானிக் பாஸ் ஹப்பைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார், சுற்று வழுவழுப்பாக இருந்தது. பின்னால் நான்கு போல்ட், சென்சர் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. சத்தமும் நின்றது.

அடுத்த கிழமை மாமியைக் கண் கிளினிக்குக்குக் கண்டிக்குக் கூட்டிப்போனோம். தம்பலகாமப் பக்கம் போகும்போதே ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. கந்தளாய் தாண்டியதும் பழைய ஊளை, இந்த முறை இருமடங்கு. அங்கிருந்து ஹபரணை வரை காட்டுப்பாதை, பொழுது சாய்ந்தால் யானை றோட்டுக்கு ஏறும் இடம். பின்சீற்றில் மாமி, முன்னால் இருட்டப்போகிற காடு, சில்லு இறுகிப் பிடித்தால் எங்கே போய் நிற்பது? 40க்கு மேல் போகாமல் ஹபரணை வரை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து, கண்டிக்குப் போகாமலே அதே வேகத்தில் திரும்பினோம்.

பாஸ் ஹப்பைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். விளிம்பில் நகத்தால் சுரண்டினார். வெள்ளி உரிந்தது, அடியில் துருப்பிடித்த குழிகள். சில்லு போல்டுகளின் மரையைத் தின்னரில் தோய்த்த துணியால் துடைத்தார். பழைய நட்டுகள் ஏறி இறங்கித் தேய்ந்த மரை பளிச்சென்று தெரிந்தது. பின்மூடியைத் திருப்பினார். இந்த வகையில் ஏபிஎஸ் சென்சர் அந்த மூடிக்குள்ளேயே இருக்கும். மூடியின் ஓரத்தைத் தட்டை ஸ்குரூட்றைவரால் நெம்பிய காயம் வரிசையாக இருந்தது. உள்ளே கிறீஸ் மட்டும் புதிது. யாரோ ஒருவரின் காரில் ஓடித் தேய்ந்த ஹப்பை எடுத்து, மூடியை நெம்பி, தடித்த கிறீஸைத் திணித்து, திரும்ப அடித்து மூடி, வெள்ளி பெயின்ற் பூசி, பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான். புதுக் கிறீஸின் தடிப்பில் தேய்ந்த குண்டும் கைக்கு வழுவழுவென்றுதான் சுற்றும். கார் பாரத்தோடு ஓடிச் சூடேறிக் கிறீஸ் இளகினால் உண்மை வெளியே வரும். நெம்பிய வேகத்தில் சென்சரின் இடைவெளியும் குழம்பிவிட்டது, விளக்கு எரிந்தது அதனால்தான் என்றார் பாஸ்.

பாஸ் சிரித்துக்கொண்டே, "அப்பாவின்ட மொறிஸ் மைனருக்கு இப்படி ஏமாத்த ஏலாது தம்பி" என்றார். அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தாலும் சொன்னது உண்மை. உவர்மலையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் அந்தக் கார் இன்னும் நிற்கிறது. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொடல், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. முன்சில்லு ஹப்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு குண்டு பெயாரிங், நடுவில் ஒரு குழாய்த் துண்டு. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால் ஒவ்வொரு குண்டும், அது ஓடுகிற வளையமும் கண்ணுக்குத் தெரியும். புள்ளி விழுந்திருந்தால் கடைக்காரன் பேச்சு எடுபடாது. மிற்சுபிஷியின் பழைய பொக்ஸ் லான்சர் மாதிரி கார்களின் முன்சில்லில் கூம்பு உருளை பெயாரிங். டிம்கென் 1898இல் பேடன்ட் எடுத்த அதே யோசனைதான். சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, நட் கழலாமல் கொட்டர் பின் போட வேண்டும். கொஞ்சம் ஆட்டம் வந்தால் திரும்ப இறுக்கலாம்.

அதற்காகப் பழசுதான் தங்கம் என்று சொல்ல வரவில்லை. மொறிஸ் மைனரின் முன்பக்கம் வில்லுக்குப் பதில் முறுகுகிற கம்பி (டோர்ஷன் பார்), பின்பக்கம் பட்டை வில், ஆட்டத்தை அடக்குகிற ஷொக் என்பது எண்ணெய் ஊற்றுகிற நெம்புகோல் வகை. கிறீஸ் அடிக்க மறந்தால் முன்சில்லைத் தாங்குகிற கீழ் ட்ரனியனின் மரை தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடங்கி விழும். அப்பா மாதாமாதம் கிறீஸ் கன்னோடு காருக்குக் கீழே படுத்தது அந்தப் பயத்தில்தான். ஆக்சியோவுக்கு அந்தத் தொல்லை ஒன்றுமில்லை. முன்னால் வில்லும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த மக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சில்லையும் இணைக்கிற ஒற்றை டோர்ஷன் பீம், கிறீஸ் அடிக்கிற நிப்பிள் என்று ஒன்றே இல்லை. ஹப்புக்குள் இரண்டு வரிசைக் குண்டு, இறுக்கத்தைத் தொழிற்சாலையிலேயே கணக்காக வைத்து சீல் அடித்துவிடுகிறார்கள். உப்புக்காற்று, நிலாவெளி மணல் எல்லாவற்றையும் தாங்கி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். பொறியியலாகப் பார்த்தால் புதியது எத்தனையோ படி மேல். ஆனால் சீல் அடித்த சாமானைத் திறந்து பார்த்து வாங்க முடியாது, திறந்தால் அது கெட்டது. பெட்டியையும் விற்பவனின் வாயையும் நம்பித்தான் காசு கொடுக்கிறோம். இந்தக் கூட்டம் பிழைப்பது அந்த இடத்தில்தான். நிறுவனத்தின் வேலையை இவன் ஸ்குரூட்றைவரால் அழித்துவிட்டு 38,500 ரூபா வாங்குகிறான்.

இனி அவன் சொன்ன சாட்டுகளைக் கேளுங்கள். முதலில் அழைத்தபோது, "எந்தக் கராஜில பூட்டினீங்க? சுத்தியலால அடிச்சிருப்பாங்க அண்ணா, அடிச்சா உள் வளையத்தில பள்ளம் விழும்." பள்ளம் விழும் என்பது உண்மை, ஆனால் இது போல்டில் பூட்டுகிற ஹப், அடிப்பதற்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த முறை, "டோர்க் ரென்ச் பாவிச்சீங்களா?" அளவாக இறுக்குகிற அந்தச் சாவியைப் பாவித்தோம். பிறகு, "வாரண்டி ஹப்புக்குத்தான், சென்சருக்கு இல்லை." அடேய், இரண்டும் ஒரே துண்டாகத்தானே வந்தது! பெயின்ற் உரிந்த படங்களை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. இன்னொருவன் எடுத்து, "அந்தத் தம்பி இப்ப வேலையில இல்லை, முதலாளி டுபாய்ல" என்றான். அவன் குரலும் முதல் பெடியன் குரலும் ஒன்றுதான் என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள். கடைசியாக, "உங்கட பக்கம் உப்புக்காத்து, அதுதான் துரு" என்றான். ஒரு கிழமையில் பெயின்றுக்கு அடியிலா துருப்பிடிக்கும்? அதைக் கேட்டதும் தடை செய்துவிட்டான். மனைவியின் கைபேசியில் பார்த்தால் பக்கம் இன்னும் ஓடுகிறது, அதே வெள்ளி ஹப்பின் படத்துக்குக் கீழே 'லாஸ்ட் பீஸ்' என்று போட்டிருக்கிறான்.

38,500 ரூபா! பூட்டுக்கூலி, கழற்றுக்கூலி, மாமியின் கிளினிக் தவறியது எல்லாம் வேறு கணக்கு.

சரி, சோதிப்பது பற்றி விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். பார்சல் வந்ததும் பூட்டுவதற்கு முன் சில்லு போல்டின் மரையைப் பாருங்கள். புதிய போல்டில் நட் ஏறிய தேய்வு இருக்காது, மரைக்குள் பெயின்றும் இருக்காது. பின்மூடியில் நெம்பிய காயம் இருந்தால் அப்படியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். கையால் சுற்றிப் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள், கடையின் பெயர் அச்சடித்த பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், சாமானை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு பில்லே தரவில்லை, இருப்பது வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் செய்திகளும்தான். அவற்றை அச்செடுத்து நாளைக்குக் கொண்டுபோகிறேன்.

இன்னொன்று, கழற்றிய பழைய ஹப்பைப் பழைய இரும்புக்காரனிடம் முழுசாகக் கொடுக்காதீர்கள். இவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய அசல் ஹப்பின் விளிம்பைப் பாஸிடம் சொல்லி கிறைண்டரில் வெட்டிவிட்டேன். அவன் அனுப்பியதை மட்டும் முறைப்பாட்டுக்காக வெட்டாமல் வைத்திருக்கிறேன்.